பெரும்பூனைகளை அருகில் பார்க்க வனவிடுதிக்குப் போகுமுன்

கேள்வி இது: சிங்கம், புலி, சிறுத்தை போன்றவற்றை மிக அருகில் பார்க்க ஒரு வனவிலங்கு விடுதியில் சில நாள் தங்க ஆசை. எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்பது? குட்டிகளைத் தொட்டுக் கொஞ்ச விடுகிற இடங்களுக்குப் போகலாமா? ஆபத்து எவ்வளவு?

முதலில் ‘அருகில்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விடுதி விளம்பரங்களில் அந்த ஒரு சொல் நான்கு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடைப்பில் இருக்கும் விலங்கு. திறந்த ஜீப்பிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டரில் காட்டு விலங்கு. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியின் பின்னால் நடந்து போய்த் தூரத்தில் பார்ப்பது. கடைசியாக, குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது. முதல் மூன்றில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று யோசிக்கலாம். நான்காவதை விட்டுவிடுங்கள். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் பலவும் தங்களைப் ‘பாதுகாப்பு மையம்’ என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

சிங்கக் குட்டியை வருகிறவர்கள் தூக்கிக் கொஞ்சக்கூடிய பருவம் பிறந்து சில வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் விளையாட்டாக ஒரு அடி போட்டாலே தோல் கிழியும். ஆகவே வருடம் முழுக்க மடியில் குட்டி கொடுக்க வேண்டுமென்றால், வருடம் முழுக்கக் குட்டி பிறந்துகொண்டே இருக்க வேண்டும். காட்டில் குட்டிகள் பிழைத்திருந்தால் பெண் சிங்கம் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். பிறந்த சில நாளிலேயே குட்டியைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மீண்டும் சினைக்கு வரும்; சினைக்காலம் சுமார் 110 நாள்தான். ‘தாய் கைவிட்ட குட்டி, அதனால் புட்டியில் பால் கொடுக்கிறோம்’ என்று சொல்வார்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு பருவத்திலும் எல்லாத் தாய்களும் கைவிடுகின்றன என்றால், கைவிட வைப்பது யார் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த கேள்வி, வளர்ந்தவை எங்கே போகின்றன? மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. அதற்கு மனிதன் மீது பயம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பெருக்கப்பட்ட சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பல, வேலியிட்ட இடத்தில் காசு கட்டிச் சுடுகிறவர்களுக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போயின. இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது. தாய்லாந்தில் ‘புலிக்கோயில்’ என்று பெயர்பெற்ற இடத்திலிருந்து 2016இல் அதிகாரிகள் 137 புலிகளை மீட்டார்கள். உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம், பெரும்பூனைகளைப் பொதுமக்கள் தொடுவதையே தடைசெய்துவிட்டது.

இடத்தைச் சோதிக்கச் சுலபமான வழி, முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்பது. இனப்பெருக்கம் செய்கிறீர்களா? தொட விடுவீர்களா? போன வருடத்துக் குட்டிகள் இப்போது எங்கே? உண்மையான சரணாலயம் முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிடும். மூன்றாவதுக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைப் புலியைக் காட்டி ‘அழியும் இனத்தைக் காக்கிறோம்’ என்று சொல்கிற இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. அடைப்பில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியின் வழிவந்தவை. உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதால் மாறுகண் முதலான குறைகள் அவற்றில் அதிகம்.

‘சிங்கத்தோடு நடை’ என்று ஆளுக்கொரு குச்சி கொடுத்து, ஓரளவு வளர்ந்த சிங்கங்களோடு கூட்டிப்போவதும் இதே வகைதான். அந்தக் குச்சி சிங்கத்தின் கவனத்தைத் திருப்புவதற்கு, உங்களைக் காக்காது. நடப்பவர் தடுக்கி விழுந்தாலோ, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாலோ அந்த நொடியில் அதன் கண்ணுக்கு அவர் இரையின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறார். மனிதரோடு பழகிய சிங்கம் சாது என்று நினைப்பது இந்த விஷயத்திலேயே மிகப் பெரிய தவறு. காட்டுச் சிங்கம் காலால் நடக்கும் மனிதனைக் கண்டால் பெரும்பாலும் விலகும். வளர்ப்புச் சிங்கம் நெருங்கும். தென்னாப்பிரிக்காவில் 2015இல் ஒரு சிங்கப் பூங்காவில் காரின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்த பயணி ஒருவர் அந்த ஜன்னல் வழியாகவே தாக்கப்பட்டு இறந்தார்.

கண்ணாடி விடுதிகள் வேறு ரகம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் போர்ட் லிம், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் தேசிய விலங்குக் காட்சிசாலைக்குள்ளேயே இருக்கும் ஜமாலா ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். அறையின் ஒரு சுவரே தடித்த கண்ணாடி; அந்தப் பக்கம் புலியோ சிங்கமோ உலாவும் இடம். சின்னக் குழந்தைகள், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள், ஒரே ஒரு இரவுதான் நேரம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதுதான் பொருத்தம். காட்டில் மூன்று நாள் அலைந்தும் புலி முகத்தைக் காணாமல் திரும்பலாம். இங்கே அந்தக் கவலை குறைவு. ஆனால் குறைவுதான், இல்லவே இல்லை என்று இல்லை. விலங்கு கண்ணாடியோரம் வருவது அதன் இஷ்டம். வெதுவெதுப்பான பாறையோ நிழலோ அங்கே இருந்தால் வரும், இல்லாவிட்டால் அடைப்பின் மறுகோடியில் படுத்துக் கிடக்கும். சில இடங்களில் இரவானதும் உள்கூண்டுக்குப் போய்விடும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை விலங்கு கண்ணாடிப் பக்கம் வர வாய்ப்பு உண்டு என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். குழந்தை கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பூனை பதுங்கிப் பாய்வதைப் பார்க்கலாம். படமாகப் பார்த்தால் வேடிக்கைதான். அங்கே வேலை செய்வது வேட்டை உணர்ச்சி. அதை வேண்டுமென்றே தூண்டிவிட்டுச் சிரிப்பதும், கண்ணாடியைத் தட்டுவதும் வேண்டாம்.

பராமரிப்பாளரோடு கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று இறைச்சி ஊட்டும் நிகழ்ச்சியும் இங்கே இருக்கும். நீண்ட இடுக்கியில் மட்டும் கொடுக்கச் சொல்வார்கள். தரையில் போட்ட கோட்டைத் தாண்டக் கூடாது. வலைக் கண்ணியில் விரலை நுழைப்பதும், கைப்பையின் வாரையோ கழுத்துத் துணியையோ வலையோரம் தொங்கவிடுவதும்தான் விபத்துக்குக் காரணங்கள். நகம் வலைக்கு வெளியே வரும். துணியில் மாட்டினால் இழுப்பது இருநூறு கிலோ எடை.

இனி உண்மையான காடு. இங்கேதான் ‘அருகில்’ என்பதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் விலங்கு விலகிப் போகச் சுதந்திரம் இருந்தும் விலகாமல் இருக்கிறது. திறந்த ஜீப்பிலிருந்து பத்து மீட்டரில் சிறுத்தை ஒன்று நடந்து போவது எப்படிச் சாத்தியம் என்று பலரும் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வண்டிகள் அதற்கு உணவும் தந்ததில்லை, தொந்தரவும் தந்ததில்லை. எண்ணெய் நாற்றமும் இரைச்சலும் கொண்ட ஒரே பெரிய உருவமாகத்தான் வண்டியை அது எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. எழுந்து நின்றால், காலைத் தொங்கவிட்டால், கையை நீட்டினால் அந்த உருவம் உடைகிறது, மனித வடிவம் தெரிகிறது. உட்கார்ந்தே இருங்கள் என்ற விதியின் காரணம் இதுதான். சத்தத்தைவிட அசைவு மோசம். தாழ்ந்த குரலில் பேசலாம், சட்டென்று எழக் கூடாது. குழந்தையின் கீச்சுக்குரலும் துள்ளலும் பூனைகளின் தலையை உடனே திருப்பும். பல விடுதிகள் ஆறு வயதுக்குட்பட்டவர்களைப் பொது ஜீப்பில் ஏற்றாததற்கு அது ஒரு காரணம். குழந்தைகளோடு போனால் தனி வண்டி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எந்த இடம் என்பதைப் பொறுத்து நெருக்கம் மாறும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குள் சாலையை விட்டு இறங்க அனுமதி இல்லை. சிங்கம் புதருக்குள் போனால் அவ்வளவுதான். அதை ஒட்டி, இடையில் வேலியே இல்லாமல் இருக்கும் சபி சாண்ட் தனியார் காப்பகத்தில் வழிகாட்டி ஜீப்பைப் புதருக்குள்ளும் ஓட்டிப் பின்தொடரலாம். முன்பக்கம் பானெட்டுக்கு மேல் ஒரு இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் சேர விடுவதில்லை. சிறுத்தையை அருகில் பார்க்க இதைவிடச் சிறந்த இடங்கள் உலகில் மிகக் குறைவு. கென்யாவின் மசாய் மாராவில் காப்பகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சமூகக் காப்புநிலங்களுக்கும் வித்தியாசம் உண்டு. காப்புநிலங்களில் வண்டிகள் குறைவு, இரவு உலாவும் உண்டு. காப்பகத்துக்குள் இரவு உலா கிடையாது. தென் அமெரிக்கப் பெரும்பூனையான ஜாகுவார் வேண்டுமென்றால் பிரேசிலின் பன்டனால் சதுப்புநிலத்தில் உள்ள போர்ட்டோ ஜோஃப்ரே; ஜூலை முதல் அக்டோபர் வரை ஆற்றோரம் படகில் போய்ப் பார்ப்பது. இந்தியப் புலிக் காப்பகங்களில் விடுதிகள் பெரும்பாலும் மையக் காட்டுக்கு வெளியே இருக்கும். விடுதி அறை வேறு, காட்டு நுழைவு அனுமதி வேறு. அறையைப் பதிந்துவிட்டு அனுமதிச்சீட்டு கிடைக்காமல் நிற்பவர்கள் ஏராளம். சீட்டை முதலில் எடுத்துவிட்டு, அதில் உள்ள வாயிலுக்கு அருகில் விடுதி தேடுவதுதான் சரியான வரிசை. மத்திய இந்தியக் காப்பகங்களில் மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை மையப் பகுதி மூடியிருக்கும். லடாக்கில் பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் ‘அருகில்’ என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். எதிர்மலையில் சில நூறு மீட்டருக்கு அப்பால் தெரிவதைத் தொலைநோக்கியில் பார்ப்பதுதான் அங்கே பாக்கியம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் சிறுத்தை என்று இரண்டையும் சொல்கிறார்கள். உடலில் ரோஜாப்பூ போல வளையப் புள்ளிகளோடு மரமேறுவது சிறுத்தை. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு, முழுப்புள்ளி, வெட்டவெளியில் ஓட்டம் என்றால் அது சிவிங்கிப்புலி. பின்னது உறுமிக் கர்ஜிக்காது, வீட்டுப் பூனை போலக் குர்ர் என்னும். எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் விரும்பும் நிலம் வேறு.

எத்தனை இரவு? குறைந்தது மூன்று. காலையும் மாலையுமாக ஆறு உலா கிடைக்கும். ஒரு இரவு தங்கி இரண்டே உலாவில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று வருபவர்கள்தான் ஓட்டுநரை விரட்டுவார்கள். விரட்டினால் காடு காட்டாது. காலை உலா விடியலுக்கு முன்பே கிளம்பும். எழுந்துபோகச் சோம்பல்படுபவர்கள் இந்தப் பயணத்துக்கே கிளம்ப வேண்டாம் என்பேன். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கிக் கழிக்கும். வெயில் ஏறியபின் கிடைக்கும் காட்சி பெரும்பாலும் மல்லாந்த வயிறுதான். மாலையில் படுத்துக் கிடக்கும் கூட்டத்தைக் கண்டால் படம் எடுத்துவிட்டு அடுத்ததைத் தேடி ஓடாதீர்கள். இருட்டுகிற வரை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று கொட்டாவி விடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கொட்டாவி வந்தால், எழப்போகின்றன என்று அர்த்தம். பிறகு ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், சோம்பல் முறிக்கும், வரிசையாக நடக்கத் தொடங்கும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மீதி இரண்டு மணி நேரம்.

வறண்ட காலத்தில் புல் குட்டையாகும், தண்ணீர் சில இடங்களில் மட்டும் நிற்கும். பார்க்கிற வாய்ப்பு கூடும். மழைக்குப் பின் காடு அழகு, பூனை மறைவு.

புலிக்காட்டில் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். புலி நடமாடுவதை மற்ற விலங்குகளின் எச்சரிக்கைக் குரல்கள்தான் சொல்லும். புள்ளிமானின் கூர்மையான கத்தல், மரத்தின் மேலிருந்து மந்தியின் இருமல் போன்ற குரல், கடமானின் கனத்த ஒற்றை ஒலி. மான் வெறும் நாற்றத்துக்கும் கத்திவிடும். உயரத்திலிருந்து மந்தி கண்ணால் பார்த்துக் கத்துகிறது. கடமான் கத்தினால் வழிகாட்டிகள் சும்மா இருப்பதில்லை. அந்தச் சமயத்தில் வண்டியில் யாராவது பேசினால் அத்தனையும் கெட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாய்மூடி இருக்கத் தெரிந்த குழுவுக்குத்தான் புலி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

அருகில் போனபின் எது எல்லை என்பதை விலங்கே சொல்லும். வால் நுனி பட்பட்டென்று அடித்துக்கொள்வது, காது பின்னால் மடங்குவது, வண்டியையே கண்கொட்டாமல் பார்ப்பது, அடித்தொண்டை உறுமல். இவற்றில் ஒன்று வந்தாலே பின்வாங்க வேண்டும். நல்ல ஓட்டுநர் நேருக்கு நேர் ஓட்டிப் போகமாட்டார். பக்கவாட்டில், அது நடக்கிற திசைக்கு இணையாகப் போய், முன்னால் தள்ளி நிறுத்தி அதுவாக வரும்வரை காத்திருப்பார். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டியை விடுவது மிகப் பெரிய பிழை. இணைசேரும் சிங்க ஜோடியில் ஆண் எரிச்சலோடு இருக்கும். மூன்று நான்கு நாள், ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சேரும் காலம் அது. இடைவெளி விட்டே நிறுத்த வேண்டும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு, அதனால் கூட்டம் அதைத்தான் அதிகம் பாதிக்கிறது. மாராவில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் நிறைந்த பகுதியில் பெண் சிவிங்கிப்புலி ஒரு ஈற்றில் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது, வண்டிகள் குறைந்த இடத்தில் 2.3 என்றது அது. ‘இன்னும் கொஞ்சம் கிட்ட’ என்று ஓட்டுநரிடம் கேட்பதற்கு முன் இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும். அன்பளிப்பை எதிர்பார்த்து ஓட்டுநர் விதி மீறுவதும் உண்டு. சிவிங்கிப்புலி வண்டிக் கூரைமேல் ஏறி உட்காரும் காட்சிகள் அப்படி வருவதுதான். ஏறினால் அசையாமல் இருங்கள், தடவிப் பார்க்காதீர்கள்.

விடுதிக்கு எழுதும்போது இவற்றைக் கேளுங்கள்: சாலையை விட்டு இறங்கலாமா, ஒரு வண்டியில் எத்தனை பேர், ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டி, இரவு உலா உண்டா, இரை வைத்து வரவழைக்கிறீர்களா, வாயிலிலிருந்து எவ்வளவு தூரம். கடைசி இரண்டும் விளம்பரத்தில் வராது. ‘காட்டோரம்’ என்று போட்டுவிட்டு வாயிலுக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் போக வைக்கும் விடுதிகள் உண்டு. விடியலில் அந்த ஒரு மணிதான் முக்கியம்.

நடை உலாவில் தூரம் அதிகம், பயமும் அதிகம். இடத்தைப் பொறுத்து பன்னிரண்டு அல்லது பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கமாட்டார்கள். ஒற்றை வரிசை, வழிகாட்டிக்குப் பின்னால், பேச்சு இல்லை, கைச்சைகை மட்டும். சிங்கம் பாய்வது போல வந்தால் ஓடக் கூடாது, எத்தனை இயல்பாகக் கால் துடித்தாலும். பெரும்பாலான பாய்ச்சல் மிரட்டல்தான், சில மீட்டரில் நின்றுவிடும். ஓடுகிறவனை மட்டும் அது இரையாகப் பார்க்கும். ஒன்றாக நெருங்கி நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்து, வழிகாட்டி சொன்னபின் பின்னடியாக நகர வேண்டும். சிறுத்தை விஷயம் நேர் எதிர். ஒளிந்திருப்பதைக் கண்டுவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். கண்ணோடு கண் பார்க்காமல் கண்டுகொள்ளாதது போல விலகிவிடுங்கள்.

உடுப்பில் மண்நிறம், பழுப்பு, சாம்பல். கடிக்கும் ஆப்பிரிக்க ஈக்களான செட்சீ ஈக்கள் உள்ள பகுதியில் நீலமும் கறுப்பும் அவற்றை இழுக்கும். ராணுவ வடிவத் துணியை ஜிம்பாப்வே போன்ற சில நாடுகளில் பொதுமக்கள் அணிவதே குற்றம். விடியலில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் தொடும், பத்து மணிக்கு வெயில் சுடும். அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுவது வசதி. மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஊரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்பட்டால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், அதன்பின்தான் சான்றிதழ் செல்லும்.

கேமராவுக்கு 100–400 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கம்பியில் வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்குங்கள். ஷட்டர் வேகம் நடக்கும் விலங்குக்கு 1/500 நொடி, ஓடினால் 1/2000. தூசியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஃபிளாஷ் கூடாது. இரவில் வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் காட்டும்போது எடுங்கள், நேராகக் கண்ணில் பட்டால் விலங்கு சற்று நேரம் குருடாகிவிடும், படத்திலும் கண்கள் மட்டும் எரியும். கண்ணாடி அறைகளில் உள்விளக்குகளை அணைத்து, லென்ஸின் ரப்பர் வளையத்தைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து எடுத்தால் எதிரொளி மறையும்.

வேலியில்லாத முகாமில் இருட்டியபின் கூடாரத்திலிருந்து உணவுக்கூடம்வரை இருபதே அடி என்றாலும் துணைக்கு ஆள் இல்லாமல் நடக்கக் கூடாது. அறையில் ஊதலோ ஹாரனோ வைத்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடுங்கள். மூடிய துணிச் சுவரைச் சிங்கம் பொதுவாகச் சோதிப்பதில்லை, ஒரு சாண் திறந்திருந்தால் மூக்கை நுழைத்துப் பார்க்கும். நள்ளிரவில் கர்ஜனை கேட்டால் வாசலிலேயே நிற்பது போலத் தோன்றும். அமைதியான இரவில் அது எட்டு கிலோமீட்டர்வரை கேட்கும் என்பதால், சத்தத்தை வைத்து தூரத்தைக் கணக்கிட வேண்டாம். செருப்பையும் ஷூவையும் வெளியே விடாதீர்கள். கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விடும்.